எபிரேயத் தீர்க்கதரிசிகளின் கவிதையை மூலத்தில் படிப்பது எப்படி? எழுத்தே தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏசாயாவையும் ஆமோசையும் தமிழில் சிறு வயதிலிருந்தே படித்தவன் நான். "மூலத்தில் இதெல்லாம் கவிதை, அதன் அழகே தனி" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பத்தி பத்தியாக அச்சடித்த பக்கத்தில் அந்தக் கவிதை என் கண்ணில் படவே இல்லை. சரி, எபிரேயத்திலேயே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். இரண்டு வருடம் வழி தெரியாமல் அலைந்தேன். கெட்டியான இலக்கணப் புத்தகம் வாங்கினேன், இணைய வகுப்புக்குப் பணம் கட்டினேன், பேச்சு எபிரேயம் கற்றுத்தரும் செயலியில் ஆறு மாதம் செலவழித்தேன். இவற்றில் எதுவும் ஒரு வசனத்தைக்கூட என் கையில் தரவில்லை.

கடைசியில் பலித்தது மிகச் சிறிய வழிதான். எழுத்தும் உயிர்க்குறியும் படிக்கத் தெரிய வேண்டும். வரி எங்கே முடிகிறது என்று காட்டும் மூன்று குறிகள் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாகப் போக வேண்டும். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் நான்கைந்து மாதத்தில் ஏசாயா 5ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்டப் பாட்டை வாய்விட்டுப் படித்து, அதன் சொல் விளையாட்டை உங்கள் காதாலேயே கேட்டுவிடலாம். எபிரேய மொழி முழுவதும் வந்துவிடாது. அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

1. மேசையில் என்னென்ன இருக்க வேண்டும், எவ்வளவு ஆகும்

மூல நூல்: இலவசம். செஃபாரியா என்ற இணையதளத்தில் எபிரேய வேதம் முழுவதும் இருக்கிறது. அமைப்புகளில் போய், உயிர்க்குறிகளும் ஓதல் குறிகளும் (எப்படி ஓதுவது, எங்கே நிறுத்துவது என்று காட்டும் குறிகள்) தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் மேல் தட்டினால் அகராதிப் பதிவு திறக்கும். விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பள்ளி ஆங்கிலம் போதும்.

ஒலி: இதுவும் இலவசம். மெகோன் மம்ரே தளத்தில் அதிகாரம் அதிகாரமாக எபிரேய வாசிப்பு கிடைக்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு: சீர்திருத்த சபைகளில் புழங்கும் பழைய பரிசுத்த வேதாகமம் ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ஒன்று. முதலாவது மூலத்தின் சொற்களை அதிகம் ஒட்டிப் போகும். இரண்டாவது கவிதைப் பகுதிகளை வரி வரியாக உடைத்து அச்சிட்டிருக்கும். இரண்டும் இணையத்திலும் கிடைக்கின்றன.

கோடு போடாத பெரிய நோட்டு ஒன்று, மூன்று நிறப் பேனா, அச்செடுத்த தாள்கள். இரண்டு மொழிபெயர்ப்பையும் புத்தகமாக வாங்கியும் எனக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆனது. ஸ்டுட்கார்ட்டில் அச்சாகும் ஆய்வுப் பதிப்பை முதலிலேயே வாங்காதீர்கள். இறக்குமதி விலை ஆயிரக்கணக்கில் போகும். அதன் அடிக்குறிப்புகள் கைப்பிரதி வேறுபாடுகளைச் சுருக்கெழுத்தில் தருபவை. முதல் வருடத்தில் அதற்கு வேலையே இல்லை. பார்க்க ஆசையாக இருந்தால் அருகிலுள்ள இறையியல் கல்லூரி நூலகத்தில் அனுமதி கேளுங்கள்.

அச்செடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எபிரேய வரிகளை நகலெடுத்துக் கோப்பாகக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ஓதல் குறிகள் எல்லாம் கட்டங்களாக அச்சாகி வந்தன, இருபது தாள் வீண். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிவிட்டுப் போங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், 20 புள்ளிக்குக் குறைய வேண்டாம். வரிகளுக்கு நடுவே மூன்று வரி இடம் விடுங்கள். பத்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சொற்கள் இடம் மாறிக் குழப்பிவிடும்.

இன்னொரு பொறி வசன எண். எபிரேயப் பதிப்பின் அதிகார எண்ணும் பழைய தமிழ் வேதாகமத்தின் எண்ணும் சில இடங்களில் ஒத்துப்போகாது. "என் தலை தண்ணீராகாதா" என்று எரேமியா ஏங்கும் வசனம் தமிழில் 9:1, எபிரேயத்தில் 8:23. தமிழ் யோவேல் 2:28 முதல் 32 வரை எபிரேயத்தில் தனியாக 3ஆம் அதிகாரம். மல்கியா 4ஆம் அதிகாரம் எபிரேயத்தில் கிடையாது, 3இலேயே சேர்ந்திருக்கும். நாகூம், ஓசியா, மீகா, சகரியாவிலும் ஓரிரு இடங்களில் இப்படித் தள்ளிப்போகும். வசனம் பொருந்தவில்லை என்றால் மொழிபெயர்ப்பைச் சந்தேகிக்கும் முன் எண்ணைச் சரிபாருங்கள்.

2. எழுத்து: மூன்று வாரம்

மொத்தம் 22 எழுத்துகள், எல்லாமே மெய். வலமிருந்து இடமாக ஓடும். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு: காஃப், மேம், நூன், பே, த்ஸாதே. எழுத்துகளின் பெயர்கள் உங்கள் வீட்டு வேதாகமத்திலேயே இருக்கின்றன. சங்கீதம் 119ஐத் திறந்தால் எட்டு வசனத்துக்கு ஒரு தடவை ஆலெப், பேத், கிமெல் என்று வரும். மூலத்தில் அந்தந்த எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. 22 எட்டுகள், 176 வசனம்.

ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் எழுதுங்கள். பார்த்துப் பழகினால் போதாது, எழுதினால்தான் கண் பிடிக்கும். தாலெத்தும் ரேஷும், பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும் ஒன்றுபோலவே இருக்கும். தாலெத்தின் வலது மேல் மூலை கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷில் அது வளைந்திருக்கும். இந்த ஜோடிகளை ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி எழுதிப் பழகுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எபிரேயச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். நான் மூன்று மாதம் அப்படித்தான் செய்தேன், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டி வந்தது. காஃபையும் கோஃபையும் நாம் "க" என்றே எழுதுவோம். ஆலெஃபும் ஆயினும் தமிழில் காணாமலே போகும். ஆனால் தீர்க்கதரிசிகளின் சொல் விளையாட்டு பல இடங்களில் ஒரே ஓர் எழுத்தில் நிற்கிறது. அந்த எழுத்து தெரியாவிட்டால் கவிதையும் தெரியாது. இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதிக்காட்டுவது உங்கள் காதுக்கு மட்டும்.

3. உயிர்க்குறி: இரண்டு வாரம்

தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபம். மெய்யெழுத்தோடு குறி சேர்ந்து உயிர்மெய் ஆகும் முறை நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. எபிரேயத்தில் அந்தக் குறிகள் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் புள்ளியும் சிறு கோடுமாக வரும். ஷெவா என்ற இரட்டைப் புள்ளி பல இடங்களில் நம் மெய்ப்புள்ளியைப் போலவே உயிர் இல்லை என்று காட்டும், சில இடங்களில் லேசாக "எ" ஒலிக்கும். எழுத்தின் வயிற்றுக்குள் வரும் புள்ளிக்கு இரண்டு வேலை: ஒன்று எழுத்தை இரட்டிக்கும், அல்லது வ, ஃப போன்ற மெல்லிய ஒலியை ப ஆக வல்லினமாக்கும்.

காமத்ஸ் என்ற குறி பெரும்பாலும் "ஆ" தான், சில சொற்களில் மட்டும் "ஒ". அந்த விதியைக் கற்க இப்போது உட்காராதீர்கள், ஒலிப்பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும்.

கர்த்தர், ஆண்டவர் என்று தமிழில் வரும் இடத்தில் மூலத்தில் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்துப் பெயர் இருக்கும். அதன் கீழே உள்ள உயிர்க்குறிகள் அந்தப் பெயருடையவை அல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம். யூத மரபில் அங்கே "அதோனாய்" என்று வாசிப்பார்கள். நீங்களும் அப்படியே வாசியுங்கள். யூத நண்பரோடு சேர்ந்து படிக்க நேர்ந்தால் இந்த மரியாதை முக்கியம்.

4. வரி எங்கே முடிகிறது: மூன்று குறிகள், ஒரு வாரம்

என்னிடம் யாரும் சொல்லாத, ஆனால் முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பழைய கைப்பிரதிகளில் தீர்க்கதரிசன நூல்கள் கவிதையாக வரி பிரித்து எழுதப்பட்டிருக்காது, உரைநடை போல ஓடும். சங்கீதம், நீதிமொழிகள், யோபுவுக்குத்தான் தனி அமைப்பு. ஆகவே ஏசாயாவில் வரி பிரிக்கும் வேலை படிப்பவருடையது. அதற்குக் கைகொடுப்பவை ஓதல் குறிகள். இருபதுக்கு மேல் உண்டு. உங்களுக்கு மூன்று போதும்:

ஸோஃப் பஸூக்: வசனத்தின் முடிவில் முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி.

எத்னாஹ்தா: எழுத்தின் அடியில், சின்னக் கவண்வில்லைக் கவிழ்த்தது போல இருக்கும். வசனத்தின் நடுப் பெருநிறுத்தம் இதுதான்.

ஸாகேஃப்: எழுத்தின் தலைக்கு மேல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. பாதிக்குள் பாதி.

தாளில் எத்னாஹ்தா உள்ள சொல்லுக்குப் பிறகு சிவப்புக் கோடு, ஸாகேஃப் உள்ள சொல்லுக்குப் பிறகு நீலக் கோடு போடுங்கள். அவ்வளவுதான், வசனம் வரிகளாகப் பிரிந்துவிடும். எல்லா இடத்திலும் இது கச்சிதமாகக் கவிதை வரியோடு பொருந்தாது. ஆனால் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல ஊன்றுகோல் இல்லை.

இந்தக் குறிகள் அர்த்தத்தையே மாற்றும் இடமும் உண்டு. "வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்" என்று சுவிசேஷங்களில் படித்திருப்பீர்கள். ஏசாயா 40:3இல் ஸாகேஃப் விழுவது "கூப்பிடுகிறது" என்ற சொல்லின் மேல். அதன்படி பிரித்தால்: "ஒரு குரல் கூப்பிடுகிறது: வனாந்தரத்தில் கர்த்தரின் வழியை ஆயத்தம் செய்யுங்கள், பாலைவெளியில் நம் தேவனுக்குப் பாதையை நேராக்குங்கள்." வனாந்தரத்துக்குப் பாலைவெளி, வழிக்குப் பாதை என்று இரண்டு வரியும் எதிரெதிரே வந்து அமர்ந்துகொள்கின்றன.

5. முதல் வசனம்: ஏசாயா 1:3

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரே வசனம்தான். நான்கு வரி, வரிக்கு மூன்று சொல், மொத்தம் பன்னிரண்டு. மேலே சொன்ன மூன்று குறிகளும் நான்கு வரியையும் சரியாக வெட்டிக் கொடுக்கும்.

யாதா ஷோர் கோனேஹூ
வஹமோர் ஏவூஸ் பெஆலாவ்
யிஸ்ராயேல் லோ யாதா
அம்மீ லோ ஹித்போனான்

சொல்லுக்குச் சொல் வைத்தால்: "அறியும் மாடு தன் உடையவனை / கழுதையோ தன் எஜமானின் தீவனத் தொட்டியை / இஸ்ரவேல் அறியவில்லை / என் மக்கள் உணரவில்லை."

இதை ஒரு வாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் சொல்லே "அறியும்". தமிழில் வினை கடைசியில்தான் இயல்பாக வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் அதைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. மூலத்தில் அது முன்னால் நின்று வசனத்தையே திறந்துவைக்கிறது. இரண்டாம் வரியில் வினையே இல்லை, முதல் வரியின் "அறியும்" அதற்கும் சேர்த்து வேலை செய்கிறது. அப்புறம் படியிறக்கத்தைப் பாருங்கள். மாடு தன் ஆளையே அறிகிறது. கழுதைக்கு ஆளைத் தெரிகிறதோ இல்லையோ, தொட்டி தெரிகிறது. இஸ்ரவேல்? "அறியவில்லை." எதை அறியவில்லை? சொல்லவில்லை. முதல் இரண்டு வரியிலும் இருந்த செயப்படுபொருள் மூன்றாம் வரியில் வெறும் இடமாகக் கிடக்கிறது. நான்காவதில் "இஸ்ரவேல்" என்ற பெயர் "என் மக்கள்" ஆகிறது. குற்றம் சாட்டும் குரல் அந்த ஒரு சொல்லில் தகப்பன் குரலாகிவிடுகிறது.

இப்படி இரண்டிரண்டாக வரி வருவதை இணைவரி அமைப்பு என்பார்கள். 1753இல் ராபர்ட் லோத் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் இதை ஒத்த வரி, எதிர் வரி, தொடரும் வரி என்று மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். பாடநூல்கள் எல்லாம் இதை மனப்பாடம் செய்யச் சொல்லும். எந்த வசனம் எந்த வகை என்று பட்டியல் போடுவதில் நான் இழந்த வாரங்கள் அதிகம். நீங்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இரண்டாவது வரி முதல் வரியை என்ன செய்கிறது? கூர்மையாக்குகிறதா, குறுக்குகிறதா, திருப்பிப் போடுகிறதா? "ஒன்றையே இரண்டு தடவை சொல்கிறார்" என்று எழுதத் தோன்றினால் இன்னொரு முறை படியுங்கள்.

6. அகராதியில் தேடும் முறை

எபிரேயச் சொல் பெரும்பாலும் மூன்றெழுத்து வேர். அகராதியும் வேரின்படிதான் அடுக்கியிருக்கும். நாம் விகுதியைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பாதியை முன்னால் ஒட்டுகிறார்கள். "உம்", "இல்", "க்கு", "போல" எல்லாம் ஓரெழுத்தாகச் சொல்லின் தலையில் உட்கார்ந்திருக்கும். மேலே "வஹமோர்" என்பதில் "வ" தான் "உம்" அல்லது "ஓ". அதைக் கழற்றினால் "ஹமோர்", கழுதை. முன்னொட்டைப் பச்சைப் பேனாவால் பிரித்துவிட்டுத் தேடுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று நெடுவரிசை: சொல், வேர், உங்கள் தமிழ். ஒரு வசனத்துக்கு முதலில் ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் மாதம் இருபது நிமிடமாகும்.

வினையின் காலத்தில் ஏமாறாதீர்கள். இனிமேல் நடக்கப்போவதைத் தீர்க்கதரிசி பல இடங்களில் நடந்து முடிந்ததாகவே சொல்வார். "விழுந்தாள்" என்றிருந்தால் "விழுவாள்" என்று நீங்களே திருத்த வேண்டாம். அந்த இறந்தகாலத்தில்தான் வசனத்தின் பலமே இருக்கிறது. அகராதியே கேள்விக்குறி போடும் சொற்களும் உண்டு. ஓசியாவிலும் ஆபகூக் 3ஆம் அதிகாரத்திலும் அவை ஏராளம். அங்கே முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போங்கள்.

7. காதால் எண்ணுதல்: ஆமோஸ் 5:2

நாஃப்லா லோ-தோஸீஃப் கூம்
பெதூலத் யிஸ்ராயேல்
நித்தெஷா அல்-அத்மாதாஹ்
ஏன் மெகீமாஹ்

"விழுந்தாள், இனி எழாள் / கன்னி இஸ்ரவேல் / தன் மண்ணிலேயே கைவிடப்பட்டுக் கிடக்கிறாள் / தூக்கிவிட ஆளில்லை."

சொற்களை எண்ணுங்கள். நடுவே சிறுகோடு போட்டு இணைத்த சொற்கள் ஒன்றாகவே கணக்கு. முதல் வரி மூன்று, இரண்டாவது இரண்டு. மூச்சு பாதியில் அறுந்தது போல இருக்கும். மூன்றும் இரண்டுமாக நொண்டும் இந்த நடை புலம்பல் நூலில் நிறைய வரும், அறிஞர்கள் இதைக் கீனா, அதாவது இழவுப் பாட்டு நடை என்கிறார்கள். முந்தைய வசனத்தில் ஆமோசே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்: உங்கள்மேல் கீனா பாடுகிறேன், கேளுங்கள் என்று.

இறந்தவருக்குப் பாட வேண்டிய ஒப்பாரியை உயிரோடு இருப்பவர் முன்னால் நின்று, அவர் பெயர் சொல்லிப் பாடினால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சிதான் இந்த வசனம். அப்போது இஸ்ரவேல் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் செழிப்பாக இருந்தது. கேட்டவர்கள் யாரும் பிணமாகக் கிடக்கவில்லை. அப்புறம் "கூம்", "மெகீமாஹ்" இரண்டையும் கவனியுங்கள். எழுவதும் எழுப்புபவரும் ஒரே வேர். முதல் வரியின் முடிவில் அவளால் எழ முடியவில்லை, கடைசி வரியின் முடிவில் எழுப்ப ஒருவரும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பின்னிரண்டு வரிகளை எண்ணினால் இரண்டும் இரண்டும்தான் வரும். மூன்று, இரண்டு என்று எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று சொல்லைப் பிடித்து இழுக்காதீர்கள். நம் வெண்பாவுக்கு இருப்பது போன்ற கட்டான இலக்கணம் எபிரேயக் கவிதைக்குக் கிடைக்கவில்லை.

8. திராட்சைத் தோட்டப் பாட்டு: ஏசாயா 5:1 முதல் 7 வரை, ஒரு மாதம்

இதற்கு அவசரப்படாதீர்கள். ஏழு வசனம், வாரத்துக்கு இரண்டு.

"என் நேசருக்கு அவருடைய தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறேன்" என்று காதல் பாட்டாகத் தொடங்குகிறது. நேசருக்கு வளமான மேட்டில் தோட்டம். கொத்தினார், கல் பொறுக்கினார், நல்ல கொடி நட்டார், காவல் கோபுரம் கட்டினார், பழம் பிழியும் ஆலை தோண்டினார். பழத்துக்குக் காத்திருந்தார். வந்தது நாறும் காய். 3ஆம் வசனத்தில் பாட்டு நின்று, எருசலேம் மக்களைப் பார்த்து "நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்கிறது. 6ஆம் வசனத்தின் கடைசியில் "மழை பெய்யாதே என்று மேகங்களுக்குக் கட்டளையிடுவேன்" என்று வரும்போதுதான் தோட்டக்காரர் யாரென்று கேட்டவர்களுக்கு உறைத்திருக்கும். எந்த விவசாயி மேகத்துக்குக் கட்டளை போட முடியும்?

படிக்கும்போது "காத்திருத்தல்" என்ற வினையைச் சிவப்பில் வட்டமிடுங்கள். 2, 4, 7 என்று மூன்று இடத்தில் வரும். முதல் இரண்டு தடவை திராட்சைக்கு. மூன்றாம் தடவை:

வயெகவ் லெமிஷ்பாத் வெஹின்னே மிஸ்பாஹ்
லித்ஸ்தாகா வெஹின்னே த்ஸெஆகா

மிஷ்பாத் நீதி. மிஸ்பாஹ் இரத்தம் சிந்துதல் என்று கொள்கிறார்கள். எபிரேய வேதத்தில் வேறெங்கும் வராத சொல் இது. த்ஸெதாகா நேர்மை, த்ஸெஆகா ஒடுக்கப்பட்டவரின் அலறல். பின்னிரண்டையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தாலெத் இருந்த இடத்தில் ஆயின், வித்தியாசம் அந்த ஓரெழுத்துதான். நல்ல பழமும் கெட்ட காயும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் அல்லவா? அதைத்தான் சொல்லின் ஓசை செய்துகாட்டுகிறது. நடுவே வரும் "வெஹின்னே" பழைய மொழிபெயர்ப்புகளில் "இதோ" ஆகும். நம் பேச்சில் "ஆனா போய்ப் பார்த்தா" என்போமே, அந்த இடம் அது.

இதைத் தமிழில் கொண்டுவர நீங்களே முயலுங்கள். மூலத்தை நெருங்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. என் முயற்சி இது:

நீதிக்குக் காத்திருந்தார், பார்த்தால் பீதி.
அறத்துக்குக் காத்திருந்தார், பார்த்தால் அலறல்.

இரத்தம் போய்ப் பயம் வந்துவிட்டது, அது குறைதான். ஆனால் ஓசை நிற்கிறது.

இதே மாதிரி இன்னும் இரண்டு இடங்களை அந்த மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். ஆமோஸ் 8:2இல் கூடை நிறைய கோடைக் கனி, "காயித்ஸ்". உடனே "முடிவு வந்துவிட்டது" என்கிறார், அது "கேத்ஸ்". மொழிபெயர்ப்பில் பழக்கூடைக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம் என்றே தெரியாது. "முற்றிய கனி" என்று சொல்லி, "இவர்கள் கதை முற்றிற்று" என்று முடித்தால் தமிழில் ஓரளவு வருகிறது. எரேமியா 1:11இல் வாதுமைக் கிளை, "ஷாகேத்". அடுத்த வசனத்தில் "என் வார்த்தையை நிறைவேற்ற விழித்திருக்கிறேன்", "ஷோகேத்". அந்த நாட்டில் குளிர்காலம் முடியும் முன்பே பூத்து முதலில் விழிக்கும் மரம் வாதுமைதான். இதற்குத் தமிழில் எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கலாம்.

9. அடுத்து எதை எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது

இந்த வரிசையில் போங்கள்: ஆமோஸ் 5:24, எரேமியா 4:23 முதல் 26 வரை, நாகூம் 3:1 முதல் 3 வரை, ஏசாயா 40:1 முதல் 8 வரை.

எரேமியாவின் அந்த நான்கு வசனமும் "ராயீத்தி", "பார்த்தேன்" என்றே தொடங்கும். பூமி ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்க் கிடக்கிறது. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் படைப்புக்கு முன்பிருந்த நிலைக்கு வரும் அதே "தோஹு வவோஹு". பிறகு வானத்தில் ஒளி இல்லை, மனிதன் இல்லை, பறவை இல்லை. படைத்ததையெல்லாம் ஒருவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவது போல. நாகூமில் சாட்டைச் சத்தம், சக்கரத்தின் அதிர்வு, பாயும் குதிரை, குதிக்கும் தேர் என்று முழு வாக்கியமே இல்லாமல் துண்டு துண்டாக வரும். அதை உரக்கப் படியுங்கள்.

யோனாவை மொழிக்காக எடுக்கலாம், ஆனால் 2ஆம் அதிகாரத்து ஜெபம் தவிர மற்றது உரைநடை. எசேக்கியேலில் பெரும்பகுதியும் ஆகாயும் அப்படியே. ஓசியா அழகோ அழகு, ஆனால் முதல் வருடம் வேண்டாம்.

பணம் விஷயத்தில் ஒன்று. இணைய வகுப்பில் சேர்வதானால் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். நான் கட்டிய இடத்தில் பதிவு செய்த காணொளிகள் மட்டும் வந்தன, கேள்வி கேட்க ஆளில்லை, பணமும் திரும்பவில்லை. சேரும் முன் மூன்று கேளுங்கள்: நேரலையா, நான் வாசிப்பதைக் கேட்டுத் திருத்துவீர்களா, பழைய வேத எபிரேயமா அல்லது இன்றைய பேச்சு எபிரேயமா? மூன்றாவது மிக முக்கியம். கடைத்தெருவில் பேச உதவும் பாடம் ஏசாயாவுக்கு உதவாது.

10. ஐந்தாம் மாத முடிவில்: சுருளைப் பாருங்கள்

1947இல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளை எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் இணையத்தில் முழுவதுமாக வைத்திருக்கிறது. இலவசம். 7 மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள், அதாவது எழுத்தின் நெடுவரிசைகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதியது. கைபேசியில் வேண்டாம், கணினியில் திறந்து பெரிதாக்குங்கள். உயிர்க்குறியும் இருக்காது, ஓதல் குறியும் இருக்காது, வெறும் மெய்கள்தான். முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியாமல் போகலாம். அதற்குள் மூடிவிடாதீர்கள்.

33ஆம் பத்திக்குப் போங்கள். ஏசாயா 40 அங்கே இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே படித்த 7, 8ஆம் வசனங்களைத் தேடுங்கள். "யாவேஷ் ஹாத்ஸீர், நாவேல் த்ஸீத்ஸ்", "புல் காய்ந்தது, பூ வாடியது" என்ற வரி மூலத்தில் இரண்டு முறை வரும். கர்த்தரின் காற்று அதன்மேல் வீசியதால், மக்களே அந்தப் புல் என்ற வரிகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சுருளை எழுதியவரின் பிரதியில் நடுப்பகுதி இல்லை. அவருடைய கண் முதல் "புல் காய்ந்தது" என்பதிலிருந்து இரண்டாவதற்குத் தாவியிருக்க வேண்டும். பிறகு வேறொரு கை விட்டுப்போனதை வரிகளுக்கு நடுவே சிறிதாக எழுதி, இடம் போதாமல் இடப்பக்க ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறது. அந்தச் சேர்க்கையில் கர்த்தரின் பெயர் வர வேண்டிய இடத்தை நிதானமாகப் பாருங்கள். எழுத்து இருக்காது, நான்கு புள்ளி மட்டும் இருக்கும்.